தனியாக வசிக்கும் முதியவரைப் புயல் நேரத்தில் எப்படிக் கவனித்துக்கொள்வது?

கேள்வி: பக்கத்து வீட்டில் முதியவர் ஒருவர் தனியாக வசிக்கிறார். கடும் வெயிலிலும் புயலிலும் அவரை அடிக்கடி விசாரித்தால் தொந்தரவாக நினைப்பாரோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து தயங்காதீர்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரை வாட்டிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் விசாரிக்க ஆளின்றித் தனியாக வாழ்ந்த முதியவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வாசலில் நின்று "நலமா?" என்று கேட்டால் "நலம்" என்ற பதில்தான் வரும். ஆகவே உள்ளே சென்று சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் எளிதில் தெரிவதில்லை என்பதால், ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். உடல் அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறிக்கொண்டிருங்கள்.

புயலென்றால், விசாரிப்பை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். மருந்துகள், டார்ச் விளக்கு, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, மாற்றுச் சாவி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காற்று திடீரென அடங்கியதும் அவரைப் பார்க்க ஓடாதீர்கள். புயலின் கண், அதாவது அதன் நடுவிலுள்ள அமைதியான பகுதி, கடந்துகொண்டிருந்தால், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும் என்பதால், அதை அனுப்பிவிட்டு அதிகாரிகளின் அறிவிப்புக்காகக் காத்திருங்கள்.