தடுப்பூசி நாள் தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்தா?

கேள்வி: என் மகளுக்கு 7 மாதம் முடிந்துவிட்டது. 6-வது வாரத் தடுப்பூசி பெங்களூருவில் அரசு மருத்துவமனையில் போட்டோம். அப்புறம் சளி, காய்ச்சல், வீடு மாற்றம் என்று 10, 14-வது வார ஊசிகள் விட்டுப்போயின. இப்போது மதுரையில் இருக்கிறோம். இவ்வளவு தாமதமானால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார் மாமியார். முகாமில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தோமே, அது கணக்கில் வராதா?

பதில்: முதலிலிருந்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விரதம் முறிந்தால் மறுபடி முதல் நாள் என்பது போன்ற கணக்கு தடுப்பூசிக்குக் கிடையாது. முதல் டோஸ் உடலுக்குள் நினைவணுக்களை உருவாக்கிவிடும். நான்கைந்து மாதத்தில் அவை மறந்துவிடுவதில்லை. பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) டோஸ்களுக்கு இடையே 4 வாரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். கூடினால் பாதகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் விதியும் இதுதான்.

ஆனால் தாமதத்துக்கு வேறொரு விலை உண்டு. கக்குவான் இருமல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். ஒரு டோஸின் பாதுகாப்பு அரைகுறை. அதனால் வருகிற புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டில் புதன்தான் ஊசி நாள். பெங்களூரு அட்டை இங்கேயும் செல்லும்.

அட்டையில் 6-வது வாரக் கட்டம் முழுக்க நிரம்பியிருந்தால், அன்றைக்கே பென்டாவேலன்ட் இரண்டாவது டோஸ் இடது தொடையில், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் வலது தொடையில், போலியோ ஊசி வலது கையில் தோலுக்குள். கூடவே போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும். மூன்று ஊசியா என்று பதற வேண்டாம். ஒரே நாளில் போடுவதால் எதன் பலனும் குறையாது. 4 வாரம் கழித்துப் பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா மூன்றாவது டோஸ். 9 மாதம் முடிந்ததும், முந்தைய ஊசிகளிலிருந்து 8 வாரம் ஆகிவிட்டதா என்று பார்த்து, நிமோகாக்கல், போலியோ ஊசிகளுடன் தட்டம்மை-ரூபெல்லா. தட்டம்மை ஊசிக்கு 9 மாதம் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு: தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை தட்டம்மை ஊசி சரியாக வேலை செய்யாது.

முகாம் சொட்டு மருந்து வழக்கமான அட்டவணைக்கு ஈடாகாது, அது கூடுதல். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் ஓயாததால்தான் முகாம்கள் தொடர்கின்றன. கொடுத்தது வீணில்லை, ஆனால் அட்டையில் உள்ள கட்டம் காலியாகவே இருக்கும்.

சளி, லேசான காய்ச்சலுக்காக ஊசியைத் தள்ளிப்போடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். உங்கள் கதையும் அங்கேதானே தொடங்கியது? முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, குழந்தை உண்மையிலேயே மோசமான நிலையில் இருந்தாலோதான் நிறுத்த வேண்டும்.

மருந்து வெப்பத்தில் கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் செவிலியரிடம் போலியோ சொட்டு மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் ஊதா வட்டம், அதற்குள் வெளிர் சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை போடலாம். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டும். 1996 முதல் இந்த எளிய அடையாளம் போலியோ குப்பிகளில் இருக்கிறது. நல்ல செவிலியர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள்.

தட்டம்மை ஊசிக்குப் போகும்போது காலையிலேயே போங்கள். கரைத்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான அளவு இருக்கும். அதனால் சில இடங்களில் “ஒரே குழந்தைதான், அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதே முறை. அதைத் தயங்காமல், பணிவாகச் சொல்லுங்கள்.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். இரவில் காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். அளவை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.