டீ வாங்கப் போகும் பையன்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் பாடம் எடுக்கிறேன். 22 பேரில் ஆறு பேருக்கு 16, 17 வயது. மற்றவர்கள் 25க்கு மேல். சிலர் படகு இன்ஜினிலேயே வேலை பார்த்தவர்கள். பையன்கள் வாயே திறப்பதில்லை. ஜூன் பாதியானால் ஆளையே காணோம். கண்டிப்பாக இருக்கவா, விட்டுப்பிடிக்கவா?

— ஒரு பயிற்றுநர்

அன்புள்ள நண்பருக்கு,

அடுத்த பிராக்டிகலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது? கலந்த குழுவில் அண்ணன்மார் கழற்றுவார்கள். பையன் டார்ச் பிடிப்பான், வேஸ்ட் துணி எடுத்துக் கொடுப்பான், டீ வாங்கி வருவான். எல்லாருடைய ரெக்கார்டு நோட்டும் அவன் தலையில்தான். பிறகு எதைப் பற்றி வாய் திறப்பான்?

வால்வ் இடைவெளி வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, லேசாக இழுபட்டு வர வேண்டும். அந்த இழுவை விரலுக்குத்தான் பிடிபடும். புதுப் பையன் தகடு மாட்டிக்கொள்ளும் வரை திருகுவான். இன்ஜின் சூடானதும் வால்வ் தண்டு நீண்டு, வால்வ் முழுக்க மூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) போகும், நாளடைவில் வால்வ் கருகும். இதைச் சொல்வதற்குள் பக்கத்து அண்ணன் "தள்ளுப்பா" என்று அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். பாடம் அங்கேயே நின்றது.

ஆகவே ஒரு சிலிண்டர் பெரியவருக்கு, அடுத்தது பையனுக்கு. அவன் முறையில் பெரியவர் கைகட்டி நின்று வாயால் மட்டும் சொல்லட்டும். திருகாணியைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விடச் சொல்லுங்கள். இறுக்கும்போது திருகாணியும் கூடவே நகரும், பழகிய கைகளே இதில் கோட்டை விடும். வெர்னியர் அளவுகோலில் கதை தலைகீழ். 0.02 மி.மீ. கோட்டைப் பையன்தான் பெரும்பாலும் சட்டென்று படிப்பான்; அதை அவன் சொல்லிக்கொடுக்கட்டும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் சோதனை மட்டும் உங்கள் கண்முன் நடக்கட்டும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், முதலில் வலிகூடத் தெரியாது. 16 வயதுக் கை விளையாட்டாய் நீளும்.

ஜூனில் வராதது சோம்பலால் அல்ல. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகு கிளம்பும், வீட்டுக்கு ஒரு கை தேவைப்படும். தேர்வுக்கு 80 சதவீத வருகை வேண்டுமே. இன்னும் எத்தனை நாள் விடுப்பு தாங்கும் என்று மே மாதமே அவனுக்குச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதலில் அவனிடம், அப்புறம் வீட்டில். அப்பா கடலில் இருப்பார், அம்மாவிடம் பேசுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறானா என்றும் கேளுங்கள்.

வகுப்பு வாட்ஸப் குழுவில் நீங்கள் மட்டும் பதிவிடும்படி வையுங்கள். 18 ஆகாதவன், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி குழந்தை. பெரியவர்களின் நள்ளிரவு வீடியோ அங்கே வந்து விழக்கூடாது.

டீ வாங்க ஆளுக்கொரு நாள் முறை போடுங்கள், 40 வயதுக்காரர் உட்பட.