இரவில் வீட்டில் வரைந்த படம் முதலாளிக்குச் சொந்தமா?

கேள்வி: கல்முனையில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். மட்டக்களப்பு வாவிப் பறவைகளை வைத்துச் சிறுவர்களுக்கான நிறந்தீட்டும் புத்தகம் ஒன்றை இரவில் வீட்டிலிருந்து வரைந்தேன். சில பக்கங்களை மட்டும் அச்சகக் கணினியில் ஸ்கேன் செய்தேன். இப்போது முதலாளி, "என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்தது எனக்குத்தான்" என்று என் பெயர் போடாமல் அச்சிடப் பார்க்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் புத்தகம் உங்களுடையதுதான். ஆனால் முதலாளிக்கும் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, படைப்பின் பொருளாதார உரிமை, அதாவது அதை அச்சிட்டு விற்கும் உரிமை, முதலில் படைத்தவருக்கே. ஒருவர் தன் வேலையின் போக்கில் படைத்ததென்றால் அது முதலாளிக்குப் போகும். ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

ஆக, எது உங்கள் வேலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கலியாண அழைப்பிதழ், நினைவு மலர், பில் புத்தகம் வடிவமைப்பதுதான் வேலை என்றால், யாரும் கேட்காமல் நீங்களாக வரைந்த சிறுவர் நூல் அதற்குள் வராது. "அச்சகம் வெளியிடும் நூல்களுக்குப் படம் வரைதல்" என்று இருந்தால் கதை வேறு. வீட்டில் வரைந்தேன் என்பது அப்போது அவ்வளவாக எடுபடாது. ஸ்கேன் செய்ததால் மட்டும் உரிமை கைமாறாது. ஆனாலும் அதை அவர் சாட்சியாகக் காட்டுவார், இனி அந்தக் கணினியில் தொடாதீர்கள்.

"மிச்சத்தையும் முடித்துத் தா, தனியாகக் காசு தருகிறேன்" என்று அவர் கேட்டால் கவனம். காசு கொடுத்துச் செய்விக்கும் படைப்பும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், செய்வித்தவருக்கே சொந்தம் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் இது வேறுமாதிரி. தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே வாதாடப் போகாதீர்கள்!

பெயர் விஷயம் தனி. பொருளாதார உரிமை அவருக்கே போனாலும், உங்கள் பெயரைப் போடும்படி கேட்கும் தார்மீக உரிமை 10ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் அது போகும். அதனால் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வழக்கென்று போனால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் வரை அலைய வேண்டிவரும். அதற்கு முன், அனுமதியில்லாமல் அச்சிட வேண்டாம் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. பென்சில் ஸ்கெட்ச், தேதியுள்ள கோப்புகள், வட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அவரே அச்சிடட்டும் என்று நினைத்தால், எத்தனை பிரதி, உங்களுக்கு எவ்வளவு, அட்டையில் யார் பெயர் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் செல்லும் உரிமை.