கம்பெனி வாங்கி நஷ்டத்தை மறைத்த ஒலிம்பஸ்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒலிம்பஸ் கேமரா கம்பெனி வேறு நிறுவனங்களை வாங்கியதில் என்ன தப்பு?

பதில்: வாங்கியதில் தப்பில்லை, எதற்காக வாங்கினார்கள் என்பதில்தான் தப்பு. இந்த ஜப்பானிய நிறுவனம் 1980களில் நிதி முதலீடுகளில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. நஷ்டத்தை வெளியே காட்டாமல், மதிப்பிழந்த முதலீடுகளை வாங்கிய விலைக்கே வெளி நிதியங்களின் தலையில் கட்டினார்கள். அந்த நிதியங்களுக்குப் பணம்? ஒலிம்பஸின் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கிய கடன்! இப்படி மறைத்தது சுமார் 11,770 கோடி யென். கடனை அடைக்கப் பணத்தை எப்படியாவது வெளியே அனுப்பியாக வேண்டும். அதற்குத்தான் கம்பெனிகளை வாங்கினார்கள்.

கேள்வி: பணம் போனது கணக்கில் தெரியாதா அண்ணா?

பதில்: போனது தெரியும், ஏன் போனது என்பது தெரியாது. ஒரு கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கும் விலை, 'குட்வில்' என்ற பெயரில் சொத்துப் பக்கத்தில் ஏறிவிடும். பழைய நஷ்டம் சொத்தாக வேஷம் போட்டுக்கொள்ளும், அப்புறம் அதைச் சிறிது சிறிதாகக் கழித்துவிடலாம். மருத்துவக் கழிவு மறுசுழற்சி, மைக்ரோவேவ் பாத்திரம், அழகுசாதனம் என்று ஒலிம்பஸ் செய்த மருத்துவக் கருவிக்கும் கேமராவுக்கும் தொடர்பே இல்லாத மூன்று சின்னக் கம்பெனிகளுக்குச் சுமார் 7,300 கோடி யென் கொடுத்தார்கள். 2009 மார்ச் கணக்கிலேயே அதில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். 2008இல் பிரிட்டனின் கைரஸ் நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியபோது ஆலோசனைக் கட்டணமாகப் போனது 68.7 கோடி டாலர். வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதம் போகும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு! இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

கேள்வி: ஆடிட்டர் கேட்கவில்லையா?

பதில்: அப்போதைய ஆடிட்டர் நிறுவனமான கேபிஎம்ஜி கேட்டது. 2009இல் ஆடிட்டரையே மாற்றிவிட்டார்கள். 2011இல் நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் உட்ஃபோர்டும் விளக்கம் கேட்டார். அக்டோபர் 14 அன்று அவருடைய பதவியைப் பறித்தார்கள். அவர் வாய்மூடி இருக்காததால்தான் சில வாரங்களில் உண்மை வெளிவந்தது. அந்தத் துணிச்சலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நம் நாட்டு ஐ.டி. நிறுவனமான சத்யம், அதன் நிறுவனர் குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகளை வாங்கப் பார்த்ததும் இதே மாதிரிதானா?

பதில்: நெருங்கிய உறவு. அங்கே கணக்கில் இல்லாத ரொக்கத்தை இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். அந்த ஓட்டையைக் குடும்பக் கம்பெனிகளின் நிஜச் சொத்தால் அடைக்கப் பார்த்தார்கள். 2008 டிசம்பரில் முதலீட்டாளர்கள் கொதித்ததால் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜுவே மோசடியை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: சரி, என்னைப் போன்ற சின்ன முதலீட்டாளர் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆண்டறிக்கையில் கையகப்படுத்தல் குறிப்பைத் தேடுங்கள். வாங்கிய கம்பெனியின் வருமானத்தையும் அதற்கு ஏற்றிய குட்வில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிரு வருடத்திலேயே அந்தக் குட்வில் தள்ளுபடி ஆகி, ஆடிட்டரும் மாறியிருந்தால், பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள்.