ஆர்.பி.ஜி. (ஒரு கதாபாத்திரமாக நாமே ஆடும்) கேம்களில் கதை எப்போது விளையாட்டுக்கு இடைஞ்சலாகிறது?

கட்சீன், அதாவது ஆட்டத்தை நிறுத்திக் காட்டும் கதைக் காட்சி, நீளம் என்பதுதான் வழக்கமான புகார். அது சின்னத் தொல்லை. கதை ஒன்று சொல்ல, விளையாட்டு விதி வேறொன்று சொல்லும்போதுதான் ஒட்டாமல் போகிறது.

1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'-ஐப் பாருங்கள். சண்டையில் விழுந்தவரை ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருள் ஒன்று எழுப்பிவிடும். ஆனால் கதையில் வில்லன் செஃபிராத் நம் அணியிலிருக்கும் ஏரித்தை வாளால் குத்தும்போது, பையில் அது எத்தனை இருந்தாலும் பயனில்லை. பிறகு உலகை அழிக்க மீட்டியோர் என்ற விண்கல் வானத்தில் தொங்குகிறது; நாமோ சாவகாசமாகச் சொக்கோபோ என்ற சவாரிப் பறவை வளர்க்கலாம், விண்கல் விழாமல் காத்திருக்கும்!

அதே ஆண்டின் 'ஃபால்அவுட்' தலைகீழ். நம் நிலத்தடிப் புகலிடத்தின் தண்ணீர்க் கருவிக்கு வேண்டிய வாட்டர் சிப்பைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு, தவறினால் ஆட்டம் முடிந்தது. காசு கொடுத்து அங்கே தண்ணீர் அனுப்பினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.