முன்னோர் கொடுத்த திருவிருந்து வெள்ளியைச் சபை விற்கலாமா?

கேள்வி: மாசசூசெட்ஸில் உள்ள எங்கள் கான்கிரிகேஷனல் (புராட்டஸ்டன்ட் பிரிவு) சபைக்கு 18-ஆம் நூற்றாண்டில் சபையார் கொடுத்த இரண்டு வெள்ளிக் கிண்ணங்களும் மூடி போட்ட ஒரு குவளையும் வங்கி லாக்கரில் இருக்கின்றன. ஆலயக் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை. வெள்ளியின் தூய்மையை உறுதிசெய்யும் சோதனை முத்திரை இல்லாததால் எடை விலைதான் கிடைக்கும் என்றும், தானே மெருகேற்றி வாங்கிக்கொள்வதாகவும் ஒரு வணிகர் சொல்கிறார். விற்கலாமா?

பதில்: விற்க முடியுமா என்பது அடுத்த கேள்வி, முதலில் அந்த வணிகரிடமிருந்து பாத்திரங்களைக் காப்பாற்றுங்கள். காலனிக் கால பாஸ்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகமே இருந்ததில்லை. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் தொடங்கிப் பால் ரிவியர் வரை அவ்வூர்ப் பொற்கொல்லர்கள் தம் பெயரையோ அதன் முதலெழுத்துகளையோ மட்டுமே பொறித்தார்கள். ஆகவே சோதனை முத்திரை இல்லாதது குறையே அல்ல. இருந்தால்தான், 1708-இல் ஆன் அரசி பிலடெல்பியாவின் கிறைஸ்ட் சர்ச்சுக்கு அனுப்பிய பாத்திரங்களைப் போல, இங்கிலாந்திலிருந்து வந்ததா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். இது தெரியாதவர் பழம்பொருள் வணிகராக இருக்கத் தகுதியற்றவர். தெரிந்தே சொல்லியிருந்தால் அதைவிட மோசம்.

மெருகேற்றவும் விடாதீர்கள். இப்பாத்திரங்களின் மதிப்பில் பெரும்பங்கு, இன்னார் இன்ன ஆண்டில் இந்தச் சபைக்குக் கொடுத்தது என்று சொல்லும் எழுத்துப் பொறிப்பில் இருக்கிறது. மெருகுச் சக்கரம் அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். தின்றதைத் திரும்பப் பெற வழியில்லை.

குவளையின் கைப்பிடியில் மூன்று எழுத்துகள் முக்கோணமாக உள்ளனவா என்று பாருங்கள். மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இரண்டும் கணவன் மனைவி பெயர்களுடையவை. அப்படியானால் அது ஒரு வீட்டில் பீரோ சைடரோ ஊற்றிக் குடித்த குவளையாக இருந்து, பின்னர் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேசைக்கு வந்திருக்கலாம். அந்தத் தம்பதியின் பெயர் தெரிந்தால், மாவட்ட உயில் பதிவகத்தில் தேட வழி கிடைக்கும். ஆல்ஃபிரட் ஜோன்ஸ் 1913-இல் வெளியிட்ட அமெரிக்கத் தேவாலய வெள்ளிப் பட்டியலில் உங்கள் சபை இடம்பெற்றிருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

உயிலைத் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருவிருந்துக்கென்றே கொடுத்த பொருளைக் கூரைக்காக விற்பது கொடையின் நோக்கத்தை மாற்றுவதாகும். அதற்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம், அங்கே மாநிலத் தலைமை வழக்கறிஞரும் ஒரு தரப்பாக இருப்பார். சபைக் கூட்டத்தில் கைதூக்கி எடுத்த முடிவு இதற்கு ஈடாகாது. ஆனால் ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இறந்தவர் பாத்திரத்தைக் கொடுக்காமல், எந்த நிபந்தனையும் விதிக்காமல் சபைக்குப் பணம் மட்டும் எழுதிவைத்திருக்கலாம். அந்தப் பணத்தில் கிண்ணம் வாங்கியது டீக்கன்மார் (சபைக் காரியங்களைக் கவனிக்கும் ஊழியர்கள்) தாமாக எடுத்த முடிவாக இருக்கலாம். அப்போதும் கிண்ணத்தின் மேல் ‘இன்னாரின் கொடை’ என்றே பொறித்திருப்பார்கள். பொறிப்பை மட்டும் படித்தால் வேறுபாடு தெரியாது. உயிலில் பணம் மட்டும் இருந்து, டீக்கன்மாரின் கணக்கில் பொற்கொல்லருக்குக் கொடுத்த தொகை பதிவாகியிருந்தால், விற்பனைக்குத் தடையில்லை என்று வாதிட இடமுண்டு. உயிலிலேயே ‘கர்த்தருடைய மேசைக்கு ஒரு கிண்ணம்’ என்று இருந்தால் அந்த வாதம் நிற்காது. இரண்டு கிண்ணங்களுக்கும் இரண்டு வேறு விடைகள் வரலாம்.

இந்தக் காகிதங்களைத் திரட்டுவது எளிதல்ல. பாதி ஆலயத்தின் மேல்மாடிப் பெட்டியிலும், பாதி ஏதோ ஒரு வரலாற்றுக் கழகத்திலும் கிடக்கும்; கேட்டுக் கடிதம் எழுதினால் பதில் வர மாதக்கணக்காகும். மழை அதுவரை காத்திருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அவசரத்தைக் காட்டித்தான் இடைத்தரகர்கள் சபைகளைக் கவிழ்க்கிறார்கள். 2012-இல் பாஸ்டனின் ஓல்டு சவுத் சபை 19 வெள்ளிப் பொருள்களையும் 1640-இல் மாசசூசெட்ஸில் அச்சான ‘பே சங்கீதப் புத்தகத்தின்’ தன்னிடமிருந்த இரு பிரதிகளில் ஒன்றையும் விற்க வாக்களித்தபோது, வெளிப்படையாக விவாதித்தும் சபைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது.

மதிப்பிடுபவர் வாங்குபவராக இருக்கக் கூடாது. விலையின் சதவீதத்தில் கூலி கேட்பவரையும் அமர்த்த வேண்டாம். பொறிப்புகளைப் பக்கவாட்டு ஒளியில் படமெடுத்து, எடையைக் குறித்து, பிரதிகளை லாக்கருக்கு வெளியே வைத்துக்கொண்டு, அறக்கொடைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் உயில் நகலோடு செல்லுங்கள். விற்க அனுமதி கிடைக்காவிட்டால் அருங்காட்சியகத்துக்கு நீண்டகால இரவலாகத் தருவது குறித்துக் கேளுங்கள். கூரைக்குப் பணம் வராது, லாக்கர் வாடகையாவது மிஞ்சலாம்.