நாகசாகியில் கப்பல் ஒரு பகல் மட்டும் நின்றால் எதைப் பார்ப்பது?

பயணக் கப்பல் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும், கரையேறிச் சுற்றுலாப் பேருந்து எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மட்சுகாயே முனையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டிராம் நிறுத்தம் நடக்கும் தூரம்தான்.

முதலில் அணுகுண்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஓஉரா தேவாலய நிறுத்தத்தில் 5-ஆம் தட டிராம் ஏறி, ஷின்சி சைனாடவுனில் 1-ஆம் தடத்துக்கு மாற வேண்டும். இறங்கும்போதுதான் காசு, ஆனால் மாறும் இடத்தில் மாற்றுச்சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை கட்டணம். அருங்காட்சியகத்தில் 11:02-இல் நின்றுபோன கடிகாரம் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு வெடித்த நேரம் அது. அவசரப்படாமல் பாருங்கள்.

பலர் விட்டுவிடுவது பக்கத்திலுள்ள சன்னோ ஆலயம். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 800 மீட்டர். அதன் கல் தோரணவாயிலில் ஒரு தூண் சாய்ந்துவிட, மற்றது ஒற்றைக்காலில் இன்றும் நிற்கிறது. தீயில் கருகிய கற்பூர மரங்கள் இரண்டு மீண்டும் தழைத்து வாசலில் நிழல் தருகின்றன. எனக்கு அமைதிப் பூங்காவின் பெரிய சிலையைவிட இதுதான் மனதில் பதிந்தது.

திரும்பும் வழியில் சைனாடவுனில் சம்போன் நூடுல்ஸ் சாப்பிடலாம். பன்றி இறைச்சி சேர்ந்தது, பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மேற்கத்திய வணிகர்களின் வீடுகள் இருக்கும் க்ளோவர் தோட்டமும் ஓஉரா தேவாலயமும் கப்பலுக்கு அருகிலேயே இருப்பதால் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் தோட்டத்தை விட்டுவிடலாம்.